காலையில் ஆபரேஷன், சாயங்காலம் வீடு: மலைக்காட்டுப் பிள்ளைகளின் காது

கம்பத்திலிருந்து குமுளிக்குப் போகும் பேருந்து லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் காது அடைத்துக்கொள்ளும். எச்சிலை விழுங்கினாலோ கொட்டாவி விட்டாலோ திறந்துவிடும். போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறுகிறவர்களுக்கும் இது பழகிப்போன விஷயம். இறங்கும்போது அடைப்பு இன்னும் அதிகம். அந்த அடைப்பைத் திறந்துவிடுவது மூக்கின் பின்புறத்துக்கும் நடுக்காதுக்கும் இடையில் ஓடும் யூஸ்டேக்கியன் குழாய். காதுக்குள் காற்று போய்வருவதும் அங்கே ஊறும் நீர் வடிவதும் அதன் வழியாகத்தான்.

பெரியவர்களுக்கு அந்தக் குழாய் சுமார் மூன்றரை சென்டிமீட்டர் நீளம். காதிலிருந்து மூக்கை நோக்கிச் சரிந்து இறங்கும். கைக்குழந்தைக்கு அதில் பாதி நீளம்தான், அதுவும் கிட்டத்தட்டப் படுக்கைவசமாக இருக்கும். வாட்டம் இல்லாத வாய்க்காலில் தண்ணீர் தேங்குவதுபோல அங்கே நீர் தேங்கும். சளி பிடித்தால் மூக்கில் உள்ள கிருமிகள் குட்டைக் குழாய் வழியாகச் சீக்கிரமே காதுக்கு ஏறிவிடும். மூக்கின் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை வீங்கியிருந்தால் குழாயின் வாயே அடைபட்டுப்போகும். ஏழு வயதுவாக்கில்தான் குழாய் நீண்டு, சரிந்து, பெரியவர்களுக்கு உள்ளதைப்போல் ஆகிறது. அதுவரை பிள்ளையின் ஒவ்வொரு சளியும் காதுக்கு ஒரு சோதனைதான்.

தமிழ்நாடு-கேரள எல்லையின் இரண்டு பக்கமும் இந்தச் சோதனை கொஞ்சம் கடுமையாகவே நடக்கிறது. வண்டிப்பெரியார், பீர்மேடு, மூணாறு தேயிலைத் தோட்டங்களின் லயங்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. மழையும் மூடுபனியும் மாதக்கணக்கில் விடாது. ஒரே அறையில் நான்கைந்து பேர் படுப்பார்கள், பக்கத்திலேயே விறகடுப்பு எரியும். நெருக்கடியும் புகையும் குழந்தைகளின் காதுநோய்க்கு வழிவகுப்பவை என்பது நன்கு தெரிந்த செய்தி. மலைக்குக் கீழே கம்பம், கூடலூர், போடி பக்கத்துத் தாய்மார்கள் விடியுமுன் ஜீப்பில் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போய் இருட்டும் நேரத்தில் திரும்புகிறார்கள். பிள்ளை அப்பத்தாவிடம் இருக்கும். பால்புட்டியை வாயில் கொடுத்துப் படுக்கப்போட்டால், மல்லாந்து குடிக்கும் பாலில் கொஞ்சம் அந்தக் குழாய்ப் பக்கம் போகலாம். யாரையும் குறை சொல்வதற்கில்லை. தலையைச் சற்று உயர்த்திப் பிடித்துப் பால் கொடுங்கள் என்று அங்கன்வாடியில் ஒருமுறை சொல்லிக் காட்டினாலே பல வீடுகளில் மாறிவிடும்.

காதுநோய் ஒரே நோயல்ல. குறைந்தது நான்கு வகைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அப்போதுதான் எந்தப் பிள்ளைக்குச் சொட்டு மருந்து போதும், எந்தப் பிள்ளைக்கு ஆபரேஷன் வேண்டும் என்பது புரியும்.

முதலாவது எல்லா வீட்டுக்கும் தெரிந்தது. சளி பிடித்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ நடுராத்திரியில் பிள்ளை காதைப் பிடித்துக்கொண்டு வீறிடும், காய்ச்சல் அடிக்கும். நடுக்காதில் சீழ் கோத்துச் செவிப்பறையை அழுத்துவதுதான் அந்த வலி. சில பிள்ளைகளுக்குச் செவிப்பறை ஓரிடத்தில் கிழிந்து சீழ் வெளியே வந்துவிடும். வலி உடனே குறைந்து பிள்ளை தூங்கிவிடும், காலையில் தலையணையில் கறை இருக்கும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அந்தக் கிழிசல் சில வாரங்களில் தானே மூடிக்கொள்கிறது.

மூடாமல் போனால் அது இரண்டாவது வகை. செவிப்பறையில் ஓட்டை நிலைத்துவிடும். ஒவ்வொரு சளிக்கும், காதுக்குள் தண்ணீர் போகும் ஒவ்வொரு தடவையும் ஒழுகும். முல்லைப் பெரியாற்றுக் கால்வாயில் குதித்து நீந்தும் பையன்களிடமும் சுருளியில் தலை நனைத்துவிட்டு வரும் பிள்ளைகளிடமும் இதை நிறையப் பார்க்கலாம். "சீ வடியுது, வெயில் காலம் வந்தா தானா நின்னுரும்" என்பார்கள். நிற்கத்தான் செய்யும். ஆனால் ஓட்டை அப்படியே இருக்கும். ஒழுகல் நின்ற காது குணமான காது அல்ல என்ற ஒரு செய்தி நம் ஊர்களில் இன்னும் போய்ச் சேரவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2004இல் வெளியிட்ட அறிக்கை, உலகெங்கும் 6.5 கோடி முதல் 33 கோடி பேர்வரை காது ஒழுகலோடு வாழ்வதாகவும், அவர்களில் 60 சதவீதம் பேருக்குக் கேட்கும் திறன் குறிப்பிடத்தக்க அளவு குறைந்திருப்பதாகவும் மதிப்பிட்டது. 4 சதவீதத்துக்கு மேல் மக்களைப் பாதித்திருக்கும் நாடுகளின் வரிசையில் இந்தியாவை அது வைத்தது.

மூன்றாவது வகைக்கு வலியும் கிடையாது, சீழும் கிடையாது. செவிப்பறை முழுதாக இருக்கும். அதன் பின்னால் பசைபோன்ற நீர் தேங்கி, பறையை அதிரவிடாமல் செய்துவிடும். கேட்கும் திறன் 25, 30 டெசிபெல் குறையும். செவிடு என்று யாருக்கும் தோன்றாது. பக்கத்தில் நின்று கூப்பிட்டால் திரும்பும் பிள்ளை, அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டால் திரும்பாது. டிவி சத்தத்தைக் கூட்டிவைக்கும். வகுப்பில் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தால் டீச்சர் சொல்வதில் பாதிதான் காதில் விழும்.

தமிழில் யார் செய்தார், எப்போது செய்தார் என்பதெல்லாம் சொல்லின் கடைசியில் வருகிறது. வந்தான், வந்தாள், வருவாள் என்ற வேறுபாடு முழுவதும் நாம் குரலைத் தாழ்த்தி முடிக்கும் அந்த விகுதியில் இருக்கிறது. காதில் நீர் கோத்த பிள்ளை தவறவிடுவது பெரும்பாலும் அதைத்தான். தோட்டப்பகுதிப் பிள்ளைக்கோ வீட்டில் தமிழ், கடைத்தெருவிலும் பள்ளிக்கூட முற்றத்திலும் மலையாளம். இரண்டு மொழியும் அரைகுறையாகக் காதில் விழும் பிள்ளையை மந்தம் என்றும் அடங்காதது என்றும் முத்திரை குத்திவிடுகிறார்கள். காதுநோயால் வரும் கேடுகளில் எனக்கு ஆற்றாமை தருவது இதுதான். அந்தப் பிள்ளையின் மூளையில் எந்தக் குறையும் இல்லை.

நான்காவது வகை ஆபத்தானது. செவிப்பறையின் மேல்பகுதி உள்வாங்கி, அந்தக் குழியில் தோல் செதில்கள் சேர்ந்து உருண்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றியுள்ள எலும்பை அரித்துக்கொண்டே போகும். மருத்துவர்கள் இதைக் கொலஸ்டியேட்டோமா என்கிறார்கள். இது புற்றுநோய் அல்ல. ஆனால் ஒலியைக் கடத்தும் மூன்று சிறு எலும்புகளையும் தின்னும். முகத்தை அசைக்கும் நரம்பைத் தொட்டால் வாய் கோணும். மேலே மூளைக்குப் போய்விட்டால் மூளைக்காய்ச்சல், மூளைக்கட்டி. இதில் ஒழுகல் கொஞ்சமாகத்தான் இருக்கும், ஆனால் நாற்றம் தாங்காது. சில சமயம் ரத்தமும் கலந்திருக்கும். ஒழுகும் காதோடு தலைவலி, தலைசுற்றல், வாய் கோணல், காதின் பின்புறம் வீக்கம், கழுத்து விறைப்பு இவற்றில் ஏதாவது ஒன்று சேர்ந்தால் அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். மலையில் இருந்தாலும் சரி, சந்தை நாளானாலும் சரி.

கத்தி வைப்பதற்கு முன் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. வீட்டில் நடப்பது என்ன? பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய், தாய்ப்பால், கோழி இறகு, ஹேர்பின், பட்ஸ். ஓட்டை உள்ள காதில் எண்ணெய் ஊற்றினால் அது நேராக நடுக்காதுக்குப் போய்த் தங்கும். பட்ஸ் அழுக்கை உள்ளே தள்ளும். செய்ய வேண்டியது காதைக் காயவைப்பதுதான். சுத்தமான பருத்தித் துணியையோ உறிஞ்சும் தாளையோ திரியாக முறுக்கிக் காதில் மெல்ல வைத்து, நனைந்ததும் எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த திரியை வைக்க வேண்டும். திரி நனையாமல் வரும்வரை இப்படி. ஒரு நாளைக்கு மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் காய்ந்த பிறகு மருத்துவர் எழுதித் தந்த சிப்ரோஃப்ளாக்சசின் அல்லது ஆஃப்ளாக்சசின் சொட்டு மருந்து, இரண்டு வாரம். 14 நாளுக்கு மேல் ஒழுகும் குழந்தையின் காதுக்கு உலக சுகாதார நிறுவனம் கிராமப்புறச் சுகாதாரப் பணியாளர்களுக்குத் தந்திருக்கும் வழிமுறை இதுவே. இந்த நிலையில் வாய்வழி மாத்திரையைவிடச் சொட்டு மருந்துதான் நன்றாக வேலை செய்கிறது. சீழ் தேங்கிய காதில் விடும் சொட்டு உள்ளே போய்ச் சேராது என்பதால் துடைப்பதே பாதி வைத்தியம். ஒரு எச்சரிக்கை: ஜென்டமைசின், நியோமைசின் கலந்த சொட்டுகள் ஓட்டை உள்ள காதில் உள்காதைக் கெடுக்கக்கூடியவை. மருந்துக்கடையில் பழைய சீட்டைக் காட்டி வாங்கி விடக் கூடாது.

இதைச் செய்ய அறுவை நிபுணர் தேவையில்லை. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் மருத்துவ வசதி தரும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின்மீது வைத்தது. தோட்ட ஆஸ்பத்திரியில் இருக்கும் ஒரு செவிலியர் தாய்க்குத் திரி வைக்கச் சொல்லிக்கொடுத்தால் போதும்.

ஆபரேஷனுக்கு வருவோம். நீர் கோத்த காதுக்கு உடனே ஆபரேஷன் கிடையாது. மூன்று மாதம் பொறுத்துப் பார்ப்பார்கள், பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதற்குள் நீர் தானே வடிந்துவிடும். வடியாமல் இரண்டு காதிலும் நின்று, கேட்கும் திறனும் குறைந்திருந்தால் செவிப்பறையில் சின்னதாகக் கீறி, நீரை உறிஞ்சி எடுத்து, அந்த இடத்தில் குரோமெட் என்ற இரண்டு மில்லிமீட்டர் அளவுள்ள குழலைப் பொருத்துவார்கள். வேலை செய்யாத யூஸ்டேக்கியன் குழாய்க்குப் பதிலாக அது காற்றை உள்ளே விடும். ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் அது தானே வெளியே வந்துவிடும், அதற்குள் பிள்ளையும் வளர்ந்திருக்கும். செவிப்பறையைக் கீறிக் காது கேட்கவைக்கும் முறையை 1801இலேயே லண்டனில் ஆஸ்ட்லி கூப்பர் விவரித்தார். ஆனால் கீறிய இடம் சில நாளில் மூடிக்கொண்டது. 1954இல் அமெரிக்க மருத்துவர் ஆர்ம்ஸ்ட்ராங் அதில் பிளாஸ்டிக் குழலை வைத்த பிறகுதான் முறை நிலைத்தது. ஆபரேஷன் பத்துப் பதினைந்து நிமிடம்தான். ஆனாலும் பிள்ளையை முழுதாக மயக்கித்தான் செய்ய வேண்டும். மைக்ரோஸ்கோப்பின் அடியில், சுமார் 0.1 மில்லிமீட்டர் தடிமனுள்ள சவ்வில் வேலை நடக்கிறது. பிள்ளை இமைப்பொழுது அசைந்தாலும் ஆபத்து.

ஓட்டையை மூடுவது இன்னும் நுணுக்கமான வேலை. காதுக்கு மேலே உள்ள தசையைப் போர்த்திய மெல்லிய உறையையோ, காதின் முன்புறக் குருத்தெலும்பிலிருந்து ஒரு துண்டையோ எடுத்துச் செவிப்பறையின் உட்புறமாக ஒட்டவைப்பார்கள். ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் ஆகலாம். இப்போது எண்டோஸ்கோப் வழியாகக் காதுத் துவாரத்துக்குள்ளேயே செய்யும் முறை பரவியிருப்பதால் காதின் பின்னால் கீறல் இல்லாமலும் முடிகிறது. யூஸ்டேக்கியன் குழாய் சரியாகும்வரை, அதாவது ஏழெட்டு வயதுவரை, பல மருத்துவர்கள் காத்திருப்பார்கள். அவசரமாக மூடிய ஓட்டை அடுத்த சளியில் மறுபடி திறந்துவிடக்கூடும் என்பதுதான் காரணம். முன்கூட்டியே செய்யலாம் என்பவர்களும் உண்டு. அந்த முடிவைப் பிள்ளையைப் பார்க்கும் மருத்துவரிடம்தான் விட வேண்டும். இடைப்பட்ட காலத்தில் பிள்ளையை வகுப்பில் முன்வரிசையில் உட்காரவைக்கலாம், தேவைப்பட்டால் காதுக்கருவியும் போடலாம். கொலஸ்டியேட்டோமா கதை வேறு. அதில் வயது பார்த்துக் காத்திருக்கக் கூடாது. எலும்பைக் குடைந்து நோயை முழுதாக எடுக்க வேண்டும். பெரும்பாலும் ஓரிரவாவது தங்க நேரும். பிள்ளைகளுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு பெரியவர்களைவிட அதிகம் என்பதால் வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

குரோமெட்டும், பல இடங்களில் ஓட்டை மூடுவதும் இப்போது ஒரே நாள் வேலை. காலையில் சேர்த்து, சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். தினக்கூலிக் குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதை விளக்க வேண்டியதில்லை. ஐந்து நாள் வார்டில் கிடந்தால் ஐந்து நாள் கூலி போகும், வீட்டில் இருக்கும் மற்றப் பிள்ளைகளைப் பார்க்க ஆளிருக்காது. அதற்குப் பயந்தே ஆபரேஷனைத் தள்ளிப்போட்ட குடும்பங்கள் மலையில் ஏராளம்.

ஒரே நாளில் அனுப்பும் வழக்கம் செலவைக் குறைக்க நேற்று வந்த யோசனை என்று நினைக்க வேண்டாம். கிளாஸ்கோ நகரத்துக் குழந்தைகள் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் நிக்கோல், பத்தாண்டுகளில் 8,988 ஆபரேஷன்களைப் படுக்கையில் சேர்க்காமலேயே செய்ததாக 1909இல் அறிவித்தார். தாயிடமிருந்து பிரித்து வார்டில் போடப்படும் குழந்தை, தாயின் மடியில் இருக்கும் குழந்தையைவிட நன்றாகத் தேறுகிறது என்பதை அவர் ஏற்கவில்லை. ஆனால் அவரைப் பற்றிப் பேசும்போது பலர் விட்டுவிடுகிற பகுதி ஒன்று உண்டு. வீட்டுக்கு அனுப்பிய பிள்ளைகளைப் பார்த்துவர அவர் செவிலியர்களை வீடு வீடாக அனுப்பினார். பால்குடிப் பிள்ளைகளும் தாய்மாரும் தங்குவதற்கு மருத்துவமனைக்குப் பக்கத்தில் வீடு ஏற்பாடு செய்தார். அந்த இரண்டும் சேர்ந்ததுதான் அவருடைய முறை. நம்மிடம் சாயங்காலம் அனுப்புவது மட்டும் வந்திருக்கிறது, மற்ற இரண்டும் வரவில்லை.

ஆபரேஷன் நாள் எப்படிப் போகும் என்று பார்த்தால் இதன் அருமை தெரியும். சாப்பாடு ஆறு மணி நேரம் முன்பே நிற்க வேண்டும், தாய்ப்பால் நான்கு மணி நேரம், வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம். பசியில் அழுகிறதே என்று வழியில் ஒரு பிஸ்கட் கொடுத்தால் அன்றைக்கு ஆபரேஷன் கிடையாது. மயக்கத்தில் வாந்தி வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து என்பதால் மயக்க மருத்துவர் இதில் கண்டிப்பாகத்தான் இருப்பார். சளி, இருமல், காய்ச்சல் இருந்தாலும் சில வாரம் தள்ளிவைப்பார்கள். மூடுபனி நாட்டுப் பிள்ளைக்குச் சளி இல்லாத வாரத்தைத் தேடிப்பிடிப்பதே பெரிய காரியம். நான்கு மணிக்கு எழுந்து ஜீப்பும் பேருந்தும் மாறி வந்து, சளி என்று திருப்பி அனுப்பப்பட்ட குடும்பம் மறுபடி வருமா? முந்தின நாள் ஒரு செவிலியர் போனில் கூப்பிட்டு, இருமுகிறதா, மூக்கு ஒழுகுகிறதா என்று கேட்டால் அந்த அலைச்சல் மிச்சம்.

மயக்கம் தெளியும்போது பல பிள்ளைகள் கால் மணி நேரம்வரை தாயையே அடையாளம் தெரியாததுபோல் கத்தித் திமிறும். அது தானே அடங்கும், பயப்படத் தேவையில்லை. பிறகு தண்ணீர் குடித்து, வாந்தி நின்று, வலி மாத்திரைக்குக் கட்டுப்பட்டு, தானாக நடந்தால்தான் அனுப்புவார்கள். காது ஆபரேஷனுக்குப் பிறகு வாந்தியும் தலைசுற்றலும் அதிகம். ஒரு மணி நேரப் பயணத்துக்குள் வீடு இருக்க வேண்டும், கூட ஒரு பெரியவர் இருக்க வேண்டும் என்பது ஒரே நாள் ஆபரேஷனுக்குப் பல இடங்களில் கேட்கப்படும் நிபந்தனை.

மலைக்குடும்பம் தடுக்கி விழுவது இங்கேதான். தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை க.விலக்கில் இருக்கிறது. வண்டிப்பெரியாரிலிருந்து குமுளி வந்து, மலையிறங்கி, கம்பம், சின்னமனூர், தேனி கடந்து போக வேண்டும். மறுபக்கம் கோட்டயம் மருத்துவக் கல்லூரி குமுளியிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல், அதிலும் பாதிக்கு மேல் வளைவுப் பாதை. நல்ல உடம்போடு இருப்பவர்களே வாந்தி எடுக்கும் வளைவுகளில், மயக்கம் தெளிந்து சில மணி நேரமே ஆன பிள்ளையை ராத்திரியில் ஏற்றிப் போவதா? தொடர்ந்து வாந்தி வந்தாலோ ரத்தம் நிற்காமல் கசிந்தாலோ நடுவழியில் யாரிடம் போவது? காற்றழுத்தத்தையும் கவனிக்க வேண்டும். போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் ஏற்றம். புதிதாக ஒட்டிய செவிப்பறை உள்ளவர்களைச் சில வாரத்துக்கு விமானத்தில் போக வேண்டாம் என்பார்கள். மலைப்பாதை அந்த அளவுக்கு இல்லைதான், ஆனாலும் எப்போது மலை ஏறலாம், எப்போது இறங்கலாம் என்று ஆபரேஷன் செய்தவரிடம் கேட்டே ஆக வேண்டும். குரோமெட் வைத்த காதுக்கு இந்தக் கவலை இல்லை, குழல் வழியாகக் காற்று சமமாகிவிடும்.

ஆகவே மலைப்பிள்ளைக்கு ஒரே நாள் ஆபரேஷன் என்றால் ஒரு நாள் மருத்துவமனை, ஓரிரவு மலையடிவாரம் என்று கணக்கிடுவதே சரி. கம்பத்திலோ தேனியிலோ சொந்தக்காரர் வீடு இருப்பவர்களுக்குச் சிக்கல் இல்லை. இல்லாதவர்களுக்கு மருத்துவமனை வளாகத்தில் ஓர் இரவு தங்க ஓர் அறை வேண்டும். அன்றைய பட்டியலில் மலையிலிருந்து வந்த பிள்ளையை முதலாவதாக எடுக்க வேண்டும். இதற்குப் புதிய கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை.

எல்லைக்கு உரிய சிக்கல் இன்னொன்றும் இருக்கிறது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், கேரளத்தில் காருண்யா ஆரோக்கிய சுரக்‌ஷா பத்ததி. குடும்ப அட்டை கூடலூரில், வேலையும் பிள்ளையின் பள்ளிக்கூடமும் வண்டன்மேட்டில் என்றிருக்கும் குடும்பம், எந்த மருத்துவமனையில் எந்த அட்டை செல்லும் என்பதை ஆபரேஷன் தேதி வாங்கும் முன்பே காப்பீட்டுக் கவுண்டரில் விசாரித்துக்கொள்ள வேண்டும். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் நடமாடும் குழு வருடத்துக்கு இரண்டு தடவை அங்கன்வாடிக்கும் ஒரு தடவை அரசுப் பள்ளிக்கும் வந்து பார்க்க வேண்டும். அவர்கள் பார்க்கும் நோய்ப் பட்டியலில் காதுச் சீழும் கேட்புக் குறையும் உண்டு. குழு வரும் நாளில் பிள்ளை பள்ளியில் இருந்தால்தானே பெயர் ஏறும்? ஏலக்காய் பறிப்புக் காலத்தில் குடும்பத்தோடு தோட்டத்தில் தங்கும் பிள்ளைகள் இப்படித்தான் விடுபடுகிறார்கள்.

ஆபரேஷன் முடிந்த பிறகு வீட்டில் கவனிக்க வேண்டியவை எளிமையானவை. காதுக்குள் தண்ணீர் போகக் கூடாது; தலைக்கு ஊற்றும்போது வாசலின் தடவிய பஞ்சை வைத்து அடைக்க வேண்டும். மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். கால்வாய்க் குளியல் மருத்துவர் சொல்லும்வரை கூடாது. முதல் சில நாள் லேசாக ரத்தம் கலந்து கசிவது வழக்கம்தான். காய்ச்சல், முகக் கோணல், விடாத தலைசுற்றல் இருந்தால் உடனே போக வேண்டும்.

ஒரு வாரத்தில் தையலைப் பார்க்க, ஒரு மாதத்தில் செவிப்பறையைப் பார்க்க, மூன்று மாதத்தில் கேட்கும் திறனை அளக்க என்று மூன்று வருகைகள் இருக்கும். முதலாவதுக்கு வந்துவிடுவார்கள். காது காய்ந்துவிட்டதால் மூன்றாவதுக்கு வருவதில்லை. பிள்ளைக்கு உண்மையில் எவ்வளவு கேட்கிறது என்பது தெரியவருவது அந்த மூன்றாவது வருகையில்தான். தையல் பார்ப்பதையும் காதைத் துடைப்பதையும் கம்பத்திலோ பீர்மேட்டிலோ உள்ள அரசு மருத்துவமனையில் முடித்துக்கொள்ள முடிந்தால், அந்த ஒரு வருகைக்காகவாவது குடும்பம் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மலையிறங்கும். டிஸ்சார்ஜ் சீட்டில் எந்தக் காது, என்ன ஆபரேஷன், அடுத்த பரிசோதனை எந்தத் தேதி என்பதைத் தமிழிலோ மலையாளத்திலோ எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். பிள்ளையின் பள்ளிக்கூடத்திலும் அதில் ஒரு நகலைக் கொடுத்துவையுங்கள்.